ட்ரயல் நன்றாகத்தான் போனது, ஆனாலும் தயக்கம்: முதுகில் ஸ்டிமுலேட்டர் வைத்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

இடதுகால் எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவன், இது முதல் பதிவு.

இடுப்பில் டிஸ்க் ஆபரேஷன் இரண்டு முறை ஆகிவிட்டது. ஸ்கேனில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் இடது பிட்டத்தில் ஆரம்பித்து, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை இறங்கும் எரிச்சல் மட்டும் போகவில்லை. ராத்திரி போர்வை பட்டால்கூடக் காலை இழுத்துக்கொள்கிறேன். நரம்பு வலி மாத்திரைகள் பிரிகாபலின், டுலோக்செட்டின் இரண்டும் ஓடுகின்றன. வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது, கூடவே மூளையும் மட்டுப்படுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவிவிடுகிறது.

போன வாரம் தண்டுவட ஸ்டிமுலேட்டர் ட்ரயல் முடிந்தது. தண்டுவடத்துக்குப் பக்கத்தில் வயர் வைத்து, லேசான கரண்ட் கொடுத்து வலியை மட்டுப்படுத்தும் கருவி அது; நிரந்தரமாக வைக்கும் முன் சில நாள் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பதுதான் ட்ரயல். ஊசி வழியாக இரண்டு வயர்களை உள்ளே விட்டு, பேட்டரியை வெளியே இடுப்பில் ஒட்டிவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காலில் எரிச்சல் எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தது. அந்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோல ஒரு அதிர்வு, அது பழகிவிட்டது. ஆனால் மல்லாந்து படுத்தால் அந்த அதிர்வு சட்டென்று தூக்கிப்போடும். இருமினாலும் அப்படித்தான்.

வயரை உருவியதும் இரண்டாவது நாளே பழைய எரிச்சல் முழுசாகத் திரும்பிவிட்டது. "பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, நிரந்தரமாக வைக்கலாம்" என்கிறார் டாக்டர். சரி என்று சொல்ல வாய் வரவில்லை. உடம்புக்குள் ஒரு பேட்டரி, வாழ்நாள் முழுக்க ஒரு ரிமோட். டாக்டர் சொல்லாத, வைத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் என்ன? நல்லதும் வேண்டும், கெட்டதும் வேண்டும்.

வெள்ளிமீன் எழுதியது:

எனக்கும் சீக்கிரம் ட்ரயல். இழையைப் பின்தொடர்கிறேன். ட்ரயல் சமயத்தில் குளிக்கவே கூடாதா?

கம்பிக்காரி எழுதியது:

வெள்ளிமீன், கட்டு நனையக்கூடாது, அவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். வயர் தோலைத் தாண்டி வெளியே வந்திருக்கும் நேரம் அது. அந்த ஓட்டை வழியாகத் தொற்று உள்ளே போனால் நேராகத் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுக்கைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடதுகால் தம்பி, எனக்கு வைத்துப் பல வருஷம் ஆகிறது. சார்ஜ் செய்கிற வகை. உங்களுக்கு இடது காலில் இருப்பதுபோலவேதான் எனக்கு வலது காலில்.

முதலில் அந்தத் தூக்கிப்போடும் விஷயம். பயப்பட வேண்டாம், மெஷின் கெட்டுப்போகவில்லை. வயர் இருப்பது தண்டுவடத்தைச் சுற்றிய உறைக்கு வெளியே. நடுவில் தண்டுவட நீர் ஒரு அடுக்காக இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது தண்டுவடம் பின்பக்கமாகச் சரிந்து வயருக்கு நெருக்கமாக வருகிறது, நீர் அடுக்கு மெலிகிறது. அதே கரண்ட் அப்போது பல மடங்காகத் தெரியும். எழுந்து நின்றால் விலகிப்போய் ஒன்றுமே இல்லாததுபோல் ஆகும். அதனால் நிற்க ஒரு புரோகிராம், படுக்க ஒரு புரோகிராம் என்று போட்டுத் தருவார்கள். படுப்பதற்கு முன் ரிமோட்டில் இரண்டு படி குறைப்பது இப்போது எனக்கு விளக்கை அணைப்பதோடு சேர்ந்த வேலை. உடம்பின் நிலையைத் தானே உணர்ந்து மாற்றிக்கொள்ளும் வகைகளும் இருக்கின்றன, தண்டுவடத்திலிருந்து திரும்பி வரும் சிக்னலை அளந்து ஒவ்வொரு துடிப்பையும் சரிசெய்துகொள்ளும் வகையும் வந்திருக்கிறது. உங்களுக்கு எதை வைக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது, முதல் ஆறிலிருந்து எட்டு வாரம். இதைத்தான் டாக்டர்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். குனியக்கூடாது, முறுக்கித் திரும்பக்கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, கையைத் தலைக்கு மேல் நீட்டி அலமாரியில் எதையும் எடுக்கக்கூடாது. உள்ளே வயர் தழும்புத் திசுவால் பிடிமானம் பெறும்வரை ஒரு வேகமான திருப்பம் போதும், சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நகர்ந்தால் அதிர்வு காலில் இருக்க வேண்டியது விலாவில் வந்து நிற்கும். வலி போனது என்கிற குஷியில்தான் பலர் அப்போது குனிந்துவிடுகிறார்கள். தரையில் விழுந்ததை எடுக்க நீளக்கைப்பிடி இடுக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செருப்பு குனியாமல் மாட்டுகிற மாதிரி இருக்கட்டும்.

மூன்றாவது, சார்ஜ். பேட்டரி இருக்கும் இடத்துக்கு மேல் தோலின் மீது ஒரு வட்டத் தகடு, பெல்ட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தகடு சரியாகப் பொருந்தும்வரை பீப் பீப் என்று கத்தும். அசைந்தால் திரும்பவும் கத்தும். எனக்கு வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரத்துக்கு மேல். தகடு சூடாகும், அதனால் கட்டிக்கொண்டே தூங்கிவிடாதீர்கள், தோல் வெந்துபோகும். உடல் எடை ஏறினால் பேட்டரி ஆழத்துக்குப் போய் சார்ஜ் பிடிக்காமல் தகராறு செய்யும்.

இவ்வளவு தொல்லைக்கும் என்ன பலன் என்றால், நான் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தேன், முழுசாக நிறுத்தவில்லை. வலி போகவில்லை, பின்வாசலுக்குப் போய்விட்டது. திரும்ப வை என்றால் வைத்துக்கொள்வேன்.

கழற்றியாச்சு எழுதியது:

எதிர்ப்பக்கமும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கும் ட்ரயல் பிரமாதம். வலி முக்கால்வாசி போனது. நிரந்தரமாக வைத்தபின் முதல் வருஷம் சொர்க்கம் என்றே சொல்லலாம். இரண்டாவது வருஷம் கரண்டைக் கூட்டிக்கொண்டே போனேன். அதிர்வு அப்படியே தெரிகிறது, வலியும் அப்படியே இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. கம்பெனி ஆள் வருவார், டேப்லெட்டில் எதையோ தட்டுவார், ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதை. வயர் நகரவில்லை, எக்ஸ்ரேயில் சரியாக இருந்தது. உடம்பு பழகிவிட்டது என்றார்கள்.

நடுவில் பேட்டரி வைத்த இடத்தில் தனியாக ஒரு வலி. நாற்காலியில் சாய்ந்தால் அதன் விளிம்பு குத்தும். கால் வலிக்காக வைத்ததை வைத்துக்கொண்டு இடுப்பு வலியோடு திரிந்தேன்.

எடுத்துவிடுங்கள் என்று சொன்னபோது, வைப்பதற்கு இருந்த உற்சாகம் எடுப்பதற்கு அந்த மருத்துவமனையில் யாரிடமும் இல்லை. "இன்னும் ஒரு புரோகிராம் பார்ப்போம்" என்றே இழுத்தார்கள். கடைசியில் வேறு டாக்டர் எடுத்தார். எனக்கு இருந்தது ஊசி வழியாகப் போட்ட வயர் என்பதால் உருவுவது பெரிய வேலையாக இல்லை. எலும்பைக் கொஞ்சம் வெட்டி உள்ளே வைக்கும் பட்டையான வயர் வகை என்றால் எடுப்பதும் ஒரு ஆபரேஷன்தான். கையெழுத்துப் போடும் முன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். "பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். யார் எடுப்பார், எப்போது எடுப்பார் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

தராசு எழுதியது:

இரண்டு பேர் சொன்னதும் உண்மை, இரண்டுமே ஆய்வுகளிலும் தெரிகிறது. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஸ்டிமுலேட்டர் வைத்திருப்பவன், வாசிக்கிற பழக்கம் உண்டு.

மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவரும் 1965இல் கதவுக் கோட்பாட்டை வெளியிட்டார்கள். தொடுதல் போன்ற உணர்வைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே தடுக்கப்படும் என்பது சாரம். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிடுகிறோமே, அதே காரணம். அதை நம்பி நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் 1967இல் ஒரு புற்றுநோய் நோயாளிக்கு முதல் கருவியை வைத்தார். பிறகு வந்த 10,000 ஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்தாயிரம் துடிப்பு), பர்ஸ்ட் (கொத்துக் கொத்தாகத் துடிப்பு) வகைகளில் அதிர்வே தெரியாது. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கதவுக் கோட்பாட்டை மட்டும் வைத்து விளக்க முடியாது.

இப்போது பலன். ஆபரேஷனுக்குப் பிறகும் கால் வலி தீராத 100 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வந்தது. ஆறு மாதத்தில் கால் வலி பாதியாவது குறைந்தவர்கள் ஸ்டிமுலேட்டர் குழுவில் 48 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 9 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனால் அதே ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் கருவி சம்பந்தமான சிக்கல் வந்தவர்கள் 32 சதவீதம். விளம்பரக் கையேட்டில் முதல் எண் பெரிய எழுத்தில் இருக்கும், இரண்டாவதை நாம்தான் தேட வேண்டும்.

அந்த ஆய்வில் யாருக்குக் கருவி, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மறைத்து வைத்துச் சோதித்தால்? நார்வேயில் 50 பேருக்குக் கருவியை வைத்துவிட்டு, சில மாதங்கள் ஓடவிட்டும் சில மாதங்கள் ஓடாமலும், எது எப்போது என்று சொல்லாமல் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அவர்கள் பயன்படுத்திய பர்ஸ்ட் அமைப்பு வழக்கமானது அல்ல என்று வலி மருத்துவர்கள் பலர் ஆட்சேபித்தார்கள். அடுத்த வருஷம், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் குழு 13 ஆய்வுகளைத் தொகுத்து, நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஆய்வுக்கு வெளியே இதைப் பயன்படுத்த ஆதாரம் போதாது என்றது. அதற்கும் பெரிய சண்டை நடந்தது.

என் கணிப்பு: இடுப்பு வலி என்று ஒரே பெயரில் நூறு விதமான வலிகளைக் கட்டிவைத்தால் முடிவு மங்கலாகத்தான் வரும். காலில் தெளிவாக ஒரு நரம்பின் பாதையில் இறங்கும் எரிச்சல் வேறு, இடுப்பைப் பிடிக்கும் வலி வேறு. முதலாவதற்கு இது பொருந்த வாய்ப்பு அதிகம்.

கழற்றியாச்சு எழுதியது:

> என் கணிப்பு

எனக்கும் காலில் தெளிவாக இறங்கும் எரிச்சல்தான், ஐயா.

தராசு எழுதியது:

தெரியும். வாய்ப்பு அதிகம் என்றால் உறுதி என்று அர்த்தம் இல்லை. கையில் அல்லது காலில் சி.ஆர்.பி.எஸ். (அடிபட்ட பிறகு அந்தக் கை காலில் அளவுக்கு மீறி நீடிக்கும் வலி நோய்) இருந்தவர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் நீங்கள் சொல்வதுதான் நடந்தது. முதல் இரண்டு வருஷத்தில் தெரிந்த வித்தியாசம் ஐந்தாவது வருஷத்தில் கரைந்துபோனது. ஆச்சரியம் என்னவென்றால், வைத்துக்கொண்டவர்களிடம் கேட்டபோது 95 சதவீதம் பேர் இதே பலனுக்காகத் திரும்பவும் வைத்துக்கொள்வோம் என்றார்கள். எண்ணால் அளந்தது ஒன்று சொல்கிறது, ஆள் வேறு சொல்கிறார். எதை நம்புவது என்பதில் எனக்கே இரண்டு மனசு.

இடதுகால் எழுதியது:

நன்றி, எல்லோருக்கும். தராசு சார் சொன்னதில் ஒரு இடம் உறைத்தது. ட்ரயலில் கால் எரிச்சல்தான் குறைந்தது. இடுப்பில் நடுவே இருக்கும் பிடிப்பு, காலையில் எழுந்ததும் இறுகிக்கொள்ளுமே, அது துளியும் மாறவில்லை. நான் அதை டாக்டரிடம் பெரிதாகச் சொல்லவில்லை, அவரும் ஒரே ஒரு எண்தான் கேட்டார்: "மொத்தமாகப் பத்துக்கு எத்தனை?" அந்த இடுப்புப் பிடிப்புக்கு இது உதவுமா உதவாதா?

இயன்முறை எழுதியது:

பிசியோதெரபிஸ்ட் என்கிற முறையில் வருகிறேன். உங்கள் டாக்டர் சொல்வதே இறுதி.

மொத்தமாக ஒரு எண் என்பது இந்த விஷயத்தில் உதவாத கேள்வி. கால் எரிச்சலுக்கு ஒரு எண், இடுப்புப் பிடிப்புக்கு ஒரு எண் என்று பிரித்துச் சொல்லுங்கள். அசைந்தால் கூடி, ஓய்வெடுத்தால் குறையும் பிடிப்பு பெரும்பாலும் தசை, மூட்டு சம்பந்தப்பட்டது. ஸ்டிமுலேட்டர் முக்கியமாக நரம்பு வலிக்கானது. கரண்டைக் கூட்டினால் இடுப்பும் சரியாகும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். அதற்கு உடற்பயிற்சி தேவை, அதுவும் கால் எரிச்சல் அடங்கினால்தான் உங்களால் செய்ய முடியும். கருவி தருகிற லாபத்தில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன், வலி குறைந்த நேரத்தில் நடக்க, தசையைத் திரும்பப் பழக்க ஒரு இடைவெளி கிடைக்கிறது. கருவியை வைத்துவிட்டு நாற்காலியிலேயே இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண் குறைந்திருக்கும், நாள் மாறியிருக்காது.

அதனால் ட்ரயலை இப்படி யோசித்துப் பாருங்கள்: அந்த நாட்களில் வழக்கமாகச் செய்யாத எதைச் செய்தீர்கள்? எவ்வளவு நேரம் நின்றீர்கள்? ராத்திரி எத்தனை முறை விழித்தீர்கள்? மாத்திரை நேரம் தள்ளிப்போனதா? இதற்குப் பதில் இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது ஆபத்தான விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கருவி வைத்தபின் எந்த பிசியோ சென்டரிலும் டயதெர்மி, அதாவது உடம்புக்குள் ஆழமாகச் சூடு செலுத்தும் சிகிச்சை, எடுக்கக்கூடாது. ஷார்ட்வேவ், மைக்ரோவேவ், சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்டு எதுவுமே. கருவியை ஆஃப் செய்துவிட்டாலும் கூடாது. அந்த ஆற்றல் வயர் வழியாகப் போய் நுனியில் சூடாகி நரம்புத் திசுவை எரித்துவிடும். கை மூட்டுக்குத்தானே என்று வைத்தாலும் சரி, கூடாது. எங்கள் ஆட்களிலேயே எல்லோரும் கேட்டுவிட்டு ஆரம்பிப்பதில்லை. நீங்கள்தான் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: "என் உடம்பில் ஸ்டிமுலேட்டர் இருக்கிறது." வேறு ஏதாவது ஆபரேஷனுக்குப் போனாலும் இதே வாக்கியம். ரத்தக்கசிவை நிறுத்தும் கருவியில் இருமுனை வகையைப் பயன்படுத்தச் சொல்வார்கள்.

சர்க்கரைக்கால் எழுதியது:

என் கதை கொஞ்சம் வேறு. சர்க்கரையால் இரண்டு பாதமும் எரியும். 10,000 ஹெர்ட்ஸ் வகை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் 2021இல் தான் சர்க்கரை நரம்பு வலிக்கு இதை அனுமதித்தார்கள், அதற்கு முன் முதுகு, கால் வலிக்காரர்களுக்கே அதிகம் வைத்தார்கள்.

இதில் அதிர்வே தெரியாது. ஓடுகிறதா இல்லையா என்று ரிமோட்டைப் பார்த்தால்தான் தெரியும். படுத்தால் தூக்கிப்போடும் தொல்லை இல்லை. அதிர்வு தெரியும் வகை என்றால் வண்டி ஓட்டும்போது ஆஃப் செய்யச் சொல்வார்கள், என்னுடையதில் அந்தத் தடை இல்லை. ஆனால் பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும். தினமும் முக்கால் மணி நேரம் சார்ஜில் உட்கார வேண்டும். ஊருக்குப் போனால் சார்ஜரை மறந்தால் கதை முடிந்தது.

எங்கள் மாதிரி சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆபரேஷனுக்கு முன் மூன்று மாத சராசரிச் சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். புண் ஆறாமல் தொற்று வந்தால் மருந்து கொடுத்து மட்டும் சமாளிக்க முடியாது, பெரும்பாலும் மொத்தக் கருவியையும் எடுக்க வேண்டிவரும். அப்புறம், எரிச்சல் குறைந்ததால் பாதம் குணமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. மரத்துப்போன இடம் மரத்தேதான் இருக்கும். நான் இன்னமும் தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன்.

துணைவன் எழுதியது:

என் மனைவிக்குக் கணுக்கால் முறிவுக்குப் பிறகு சி.ஆர்.பி.எஸ். பாதம் நிறம் மாறும், வீங்கும், காற்று பட்டாலே அழுவாள். அவளுக்குத் தண்டுவடத்தின் மேல் வைக்கும் வகை இல்லை, நரம்பு தண்டுவடத்தை விட்டு வெளியேறும் இடத்தில் இருக்கும் முடிச்சில் வைக்கும் வகை. டி.ஆர்.ஜி. என்பார்கள். பாதம், இடுப்பு மடிப்பு மாதிரி ஒரு சிறு இடத்தில் மட்டும் வலி என்றால் இது குறி பார்த்து அடிக்கிறது என்றார் டாக்டர். படுத்தால், எழுந்தால் அதிர்வு மாறும் தொல்லையும் அவளுக்கு அதிகம் இல்லை. ஆனால் வயர் மெல்லியது, ஒருமுறை நகர்ந்து திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

கூட இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வாரங்களில் அவள் எதையாவது எடுக்கக் கையை நீட்டினாலே நான் "கூடாது, கூடாது" என்று ஓடினேன். ஒருநாள் அவள் சொன்னாள், "வலி இருந்தப்போ நீங்க என்னை இவ்வளவு கண்காணிக்கல." அதன்பின், எது கூடாது என்பதைத் தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். ரிமோட்டும் அவள் கையில்தான். வலி இருப்பவர் கையில்தான் அது இருக்க வேண்டும்.

மாத்திரை பற்றியும் சொல்கிறேன். கருவி வைத்ததும் வலி குறைந்தது என்று கபாபென்டின் என்ற நரம்பு வலி மாத்திரையை அவளாகவே நிறுத்தப் பார்த்தாள். டாக்டர் கடிந்துகொண்டார். அதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். பிரிகாபலினுக்கும் அதேதான். இடதுகால், உங்களுக்கும் இது பொருந்தும்.

வெள்ளிமீன் எழுதியது:

விமான நிலையத்தில் என்ன செய்வது? வாசலில் இருக்கும் கேட் எல்லாம் பிரச்சினையா?

கம்பிக்காரி எழுதியது:

அடையாள அட்டை கொடுப்பார்கள், அதைப் பணப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உலோகக் கேட்டுக்குள் போகும் முன் அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்லுங்கள். போயே தீர வேண்டும் என்றால் ஆஃப் செய்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அதிர்வு எகிறலாம். கடை வாசலில் திருட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் கேட் இருந்தால் நடுவில் நடந்து போய்க்கொண்டே இருங்கள், அதில் சாய்ந்து நின்று பேசாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முக்கியம். "எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்" என்று கம்பெனி சொன்னால் அதற்குள் நிபந்தனைகள் இருக்கின்றன. எத்தனை டெஸ்லா (ஸ்கேன் காந்தத்தின் வலிமை), உடம்பின் எந்தப் பகுதி, எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. பல கருவிகளுக்கு 1.5 டெஸ்லாதான். எடுக்கும் முன் ரிமோட்டில் எம்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்ற வேண்டும். அப்போது கருவி ஒவ்வொரு வயரின் மின்தடையையும் தானே சோதிக்கும். ஏதாவது ஒரு வயர் உள்ளே உடைந்திருந்தால் மாற விடாது, ஸ்கேனும் கிடையாது. கழற்றியாச்சு மாதிரி எடுத்தவர்களும் கவனிக்க வேண்டும்: பேட்டரியை எடுத்துவிட்டு வயர்த் துண்டை உள்ளே விட்டுவிட்டால், சாதாரணமாக எம்.ஆர்.ஐ.க்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

கழற்றியாச்சு எழுதியது:

எனக்கு முழுசாக எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் குறிப்பில் "எல்லாப் பாகங்களும் அகற்றப்பட்டன" என்று எழுதி வாங்கினேன். அந்தக் காகிதம் இல்லாமல் ஸ்கேன் அறையில் நம் பேச்சை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

எந்தக் கம்பெனி கருவி நல்லது என்று தனிமடலில் கேட்டு மூன்று பேர் உறுப்பினர்களைத் தொந்தரவு செய்திருக்கிறார்கள். பொதுவில் கேளுங்கள், டாக்டரிடமும் கேளுங்கள். தனிமடலில் விற்பனை வேலை பார்ப்பவர்கள் கணக்கு முடக்கப்படும்.

இடதுகால் எழுதியது:

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். இயன்முறை சொன்னபடி எழுதிக்கொண்டு போனேன். எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது: ட்ரயல் நாட்களில் மாடிப்படி ஏறிப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறேன், ராத்திரி ஒரே ஒருமுறைதான் விழித்திருக்கிறேன், போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன். எட்டு, மூன்று என்ற எண்களில் இது எதுவும் இல்லை.

இடுப்புப் பிடிப்பைப் பற்றிக் கேட்டேன். "அதற்கு வாக்குத் தர மாட்டேன்" என்றார். அப்படிச் சொன்னதால் எனக்கு அவர் மேல் நம்பிக்கை கூடியது. ஊசி வழியாகப் போடும் வயர்தான். சார்ஜ் செய்யும் வகை, பத்து வருஷமாவது வரும் என்கிறார். பலன் குறைந்தால் எடுப்பது யார் என்று கழற்றியாச்சு அண்ணன் சொன்னதையும் கேட்டேன். "நான்தான் வைக்கிறேன், நான்தான் எடுப்பேன்" என்றார். எழுதித் தாருங்கள் என்றேன், சிரித்துவிட்டுக் குறிப்பில் எழுதினார். மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார், எல்லோருக்கும் வழக்கமாம்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

கழற்றியாச்சு எழுதியது:

நல்லது தம்பி. எழுதி வாங்கினீர்களே, அது போதும். இரண்டாவது வருஷம் எப்படி இருக்கிறது என்று வந்து எழுதுங்கள். முதல் மாதத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள், அப்புறம் காணாமல் போய்விடுகிறார்கள்.

இடதுகால் எழுதியது:

கட்டாயம் எழுதுகிறேன் அண்ணே. கடைசியாக ஒன்று: பேட்டரியை எந்தப் பக்கம் வைப்பது என்று என்னையே முடிவு செய்யச் சொல்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

கம்பிக்காரி எழுதியது:

எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம். சார்ஜர் தகட்டை வைக்க உங்கள் கை எந்தப் பக்கம் சுலபமாகப் போகிறது என்றும் பாருங்கள். ஆபரேஷனுக்குக் குப்புறப் படுக்கவைத்தபின் இடத்தைக் குறிக்க விடாதீர்கள். முந்தைய நாளோ அன்று காலையிலோ, நீங்கள் தினமும் போடும் பேண்ட்டைப் போட்டு, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், பிறகு சாய்வு உள்ள நாற்காலியில் உட்காருங்கள். பெல்ட்டும் படக்கூடாது, நாற்காலி முதுகும் படக்கூடாது, கீழே உட்காரும் எலும்பும் படக்கூடாது. மூன்றுக்கும் தப்பிய இடத்தில் மார்க்கர் பேனாவால் வட்டம் போடச் சொல்லுங்கள்.